கடிவாளம் அவிழ்ந்த கதை

‘கவர்னர்’ என்னும் சொல் இலங்கைத் தமிழில் நெடுங்காலம் இரு பொருள் தாங்கி நின்றது. முடியின் பெயரால் நாட்டை ஆண்ட அதிகாரிக்கு அது பெயர். இயந்திரத்தின் வேகத்தை ஆளும் சிறு உறுப்புக்கும் அதுவே பெயர். முன்னவர் 1948ஆம் ஆண்டோடு அப்பெயரைத் துறந்தார். பின்னது இன்றும் வழக்கிலிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையிலும், கொழுந்து ஏற்றும் லொறியின் டீசல் பம்பிலும், பயணிகள் பஸ்ஸின் மூடிக்குள்ளும் அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. அல்லது யாரோ ஒருவரின் திருப்புளியால் முடங்கிக் கிடக்கிறது.

வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை அகற்றுவதென்பது மேலோட்டமாகப் பார்க்குமிடத்து ஒரு பட்டறைக் காரியமே. முத்திரையை உடைத்துத் திருகாணியைச் சிறிது திருப்பினால் வேலை முடிந்தது. ஆயினும் அத்திருகாணிக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறொன்று உண்டு. வேகத்துக்குக் கடிவாளம் இட்டவர் யார், அதனை அவிழ்த்தவர் யார், அவிழ்த்ததால் ஆதாயம் அடைந்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாக்களை அவ்வரலாறு எழுப்புகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் புறங்களில் வாழும் நமக்கு இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் வீதியின் ஓரத்திலேயே அவை நிற்கின்றன.

கவர்னரின் பிறப்பு

1788ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் அகன்று மேலெழும்; அவற்றோடு பிணைந்த நெம்புகோல் நீராவி வரும் வழியை ஒடுக்கும்; வேகம் தணியும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும்; வழி விரியும்; இயந்திரம் மீண்டும் தன் நிலைக்கு வரும். மாவரைக்கும் காற்றாலைகளில் முன்னரே வழங்கிய ஓர் உத்தியை அவர் நீராவிக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டார். 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதனைக் கணிதத்தால் ஆராய்ந்து எழுதிய கட்டுரை, பின்னாளில் தன்னியக்கக் கட்டுப்பாட்டு இயல் என வளர்ந்த துறைக்கு வித்தாயிற்று.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் குண்டுகள் தொழிலாளியின் உயிரைக் காக்கப் பிறந்தவையல்ல. வேகம் ஏறி இறங்கினால் நூல் அறும், மாவு கெடும், இயந்திரம் சிதறும். முதலாளியின் பொருளைக் காக்கவே கவர்னர் பிறந்தது. நம் மலைகளில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இதுவே நிலை. உருளைகளைச் சுழற்றிய இயந்திரத்துக்கு ஒரு வேக எல்லை வகுக்கப்பட்டிருந்தது. அவ்வுருளைக்குக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்த கைகளுக்கு அத்தகைய எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை.

டீசல் இயந்திரம் வந்தபோது கவர்னர் இன்றியமையாததாயிற்று. பாரமின்றி ஓடும் டீசல் இயந்திரத்துக்கு எரிபொருளைத் தடையின்றிச் செலுத்தினால், அது தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் வரை விரைந்துகொண்டே போகும். ஆகவே எரிபொருள் பம்பினுள்ளேயே ஒரு கவர்னரை அமைத்தனர். உச்ச வேகத்தைக் குறிக்கும் திருகாணியைச் சரிப்படுத்தி, கம்பி கோத்து ஈயமுத்திரை இட்டனர். நம் நாட்டு வீதிகளில் ஓடிய லேலண்ட், டாட்டா, அசோக் லேலண்ட் வண்டிகள் அனைத்தும் இவ்வகைக் கடிவாளத்தோடுதான் பிறந்தன.

முடியின் கவர்னர்

மற்றைய கவர்னரின் கதையையும் சிறிது நோக்குவோம். 1824 முதல் 1831 வரை இலங்கையை ஆண்ட எட்வர்ட் பார்ன்ஸ் வீதி அமைத்தவர் என்று புகழப்படுபவர். கேகாலை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பெருவீதி அவர் முயற்சியால் உருவாயிற்று. மண் வெட்டியவரும் கல் உடைத்தவரும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் கட்டுண்ட ஏழைக் குடிகள். அவ்வூழியம் 1832இல்தான் ஒழிந்தது. அதே பார்ன்ஸ் காப்பி ஏற்றுமதி மீதிருந்த தீர்வையை நீக்கினார். கன்னொறுவையில் தாமே காப்பித் தோட்டமும் வைத்தார். ஆளவேண்டிய கவர்னரே தோட்டத்துரையானால் தோட்டத்துரைமாரின் வேகத்தை ஆள்வார் எவர்? இயந்திரத்தின் கவர்னர் வேகம் மிகும்போது வழியை ஒடுக்கும். முடியின் கவர்னரோ மூலதனத்தின் வேகம் மிக மிக வழியை அகலத் திறந்துவிட்டார். நம் முன்னோர் மன்னார் வழியாகக் கால்நடையாய் மலைக்கு நடந்து, வழியெல்லாம் மாண்ட காலம் அவ்வாறு திறந்த வழியின் தொடர்ச்சியே.

சிவப்புக் கொடியும் கால்நடையும்

வீதியில் இயந்திர வண்டிகளுக்கு இட்ட முதற் கடிவாளங்களுள் பெயர் பெற்றது 1865ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம். நாட்டுப்புற வீதியில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்பது அதன் விதி. வண்டிக்கு 60 யார் முன்னால் ஒருவன் சிவப்புக் கொடி ஏந்தி நடக்கவும் வேண்டும். 1896இல் வந்த சட்டம் எல்லையை மணிக்கு 14 மைலாக உயர்த்தியது. அதனைச் செல்வர்கள் தம் விடுதலை நாளாகக் கொண்டாடி, இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை மோட்டார்களில் ஊர்வலம் சென்றனர். 1903இல் எல்லை 20 மைலாயிற்று. 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கு வேக எல்லையையே நீக்கிவிட்டது. ஒரு நாடே தன் கார்களின் கடிவாளத்தைச் சட்டத்தால் அவிழ்த்துவிட்ட நிகழ்ச்சி அது. 1934இல் பிரித்தானிய வீதிகளில் 7,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊருக்குள் 30 மைல் என்னும் எல்லை 1935 மார்ச் மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவிழ்த்த கடிவாளத்தைக் கட்ட ஐந்தாண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர் மீண்டாரல்லர்.

நம் நாட்டிலோ வேகத்தின் விதி வேறொரு முகம் காட்டியது. மோட்டார் உடையோரின் சங்கம் இலங்கையில் 1904இலேயே தோன்றிவிட்டது. அதற்கு ஈராண்டு கழித்து, 1906இல், கொழும்பின் மாட்டு வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டியோட்டிகள் வண்டியில் ஏறி அமராது காளைகளின் பக்கமாக நடந்தே செல்லவேண்டும் என்னும் விதியை அதிகாரிகள் வற்புறுத்தியதே அதற்குக் காரணம். துறைமுகத்துக்கும் பண்டகசாலைக்கும் இடையே நாளெல்லாம் தேயிலையும் பிறவும் சுமந்து அலைந்த மனிதன், தன் வண்டியிலேயே உட்காரலாகாதாம்! செல்வன் அமர்ந்து விரையலாம். ஏழை நடந்தே செல்லவேண்டும். வேகக் கட்டுப்பாடு என்று நாம் பேசும்போதெல்லாம் அது யாருடைய வேகத்தை, யாருடைய நலனுக்காகக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்பதற்கு இந்நிகழ்ச்சி நம்மைப் பழக்குகிறது.

சின்சினாட்டி கற்பித்த பாடம்

காரினுள்ளேயே கருவியொன்றைப் பொருத்தி அதன் வேகத்தை அடக்கவேண்டும் என்று பொதுமக்களே திரண்டு கேட்ட நிகழ்ச்சி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923இல் நடந்தது. வீதிகளில் குழந்தைகள் கார்களுக்குப் பலியாவதைக் கண்டு பொறாத நகரமக்கள், எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதவாறு கவர்னர் பொருத்தப்படவேண்டும் எனக் கோரினர். 42,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட அக்கோரிக்கை நகர வாக்கெடுப்புக்கு வந்தது.

மோட்டார் வணிகர் அஞ்சினர். வேகமே காரின் விற்பனைச் சரக்கு. வேகத்தை அடக்கினால் குதிரை வண்டியை விட்டுக் காரை வாங்குவார் யார்? அவர்கள் பணத்தைத் திரட்டினர்; விளம்பரம் செய்தனர்; கார் உடையோரை ஒன்று சேர்த்தனர். கோரிக்கை பெருவாரியான வாக்குகளால் தோற்றது. அதன் பின்னர் மோட்டார்த் தொழிலினர் ஒரு பாடத்தை நன்கு கற்றுக்கொண்டனர்: விபத்தின் பழியை வண்டியின் வேகத்தின்மீது விழவிடாது, வீதியில் நடப்போனின் கவனக்குறைவின்மீது சுமத்துவது. வீதி நடப்போனுக்கும் உரியது என்ற பழைய எண்ணம் அந்நாட்டில் மறைந்து, கார்களின் நடுவே குறுக்கிடுவோன் குற்றவாளி என்ற எண்ணம் வேரூன்றியது.

இது தொலைதேசத்துக் கதையென்று ஒதுக்கற்பாலதன்று. எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துள்கல வரை, அல்லது பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரை வீதியோரமாக நடந்து பாருங்கள். நடைபாதை இல்லாத இடங்களே மிகுதி. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் வடிகான்; நடுவில் எஞ்சும் ஒரு முழ நிலத்தில் கூடை சுமந்த பெண்ணும் புத்தகப் பை சுமந்த பிள்ளையும் நடக்கின்றனர். அவர்களில் ஒருவர் அடிபட்டால் ‘பார்த்துப் போயிருக்கக் கூடாதா’ என்பதே கூடியிருப்போரின் முதற் சொல்லாக இருக்கிறது.

நமது வீதியும் நமது பஸ்ஸும்

சப்ரகமுவவுக்கு வேறொரு வழியும் ஒருகாலத்தில் இருந்தது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிச் செல்லவே அமைக்கப்பட்டதெனினும், தோட்டத்து மக்களையும் சுமந்தது. இரண்டரை அடி அகலமுள்ள அக்குறும்பாதை 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. எட்டியாந்தோட்டைக்கு ஒரு கிளையும் சென்றது. அதன் வேகத்தைப் பற்றி ஊரில் நகைச்சுவைக் கதைகள் பலவுண்டு. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மறைந்தது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை 1976இல் கைவிடப்பட்டது. அன்றுமுதல் இரத்தினபுரி மாவட்டத்து மக்கள் ரயிலை மறந்தனர். அவர்களது பயணம் முழுவதும் வீதிக்கு வந்தது.

வீதியில் ஓடிய பஸ்ஸின் வரலாறு வேகத்தின் வரலாறேயாகும். தொடக்கத்தில் பஸ் வைத்திருந்தவர் எவரும் எந்த வழியிலும் ஓடலாம் என்றிருந்தது. முன்னே சென்றவனுக்கே பயணி கிடைப்பான். ஆகவே ஒருவரையொருவர் முந்துவதே தொழிலாயிற்று. 1942ஆம் ஆண்டின் பஸ் சேவை உரிமக் கட்டளைச் சட்டம் வழித்தடங்களை வகுத்துக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. போட்டி குறைந்தது, ஆனால் ஏகபோகம் வந்தது. 1948, 1954, 1956 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று ஆய்வுகளும் பஸ் சேவை நாட்டுடைமையாக வேண்டும் என்னும் முடிவையே எய்தின. 1958 ஜனவரி முதலாம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது.

சபையின் குறைகளை நாம் அறியாதவரல்லர். கூட்டமும் தாமதமும் பழுதும் அதனோடு கூடப்பிறந்தவை. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. சபையின் சாரதி மாதச் சம்பளம் பெற்றான். அவன் ஒரு பயணியைத் தவறவிட்டதால் அவன் வீட்டு உலை அணைந்துவிடவில்லை. முன்னே செல்லும் பஸ்ஸை முந்தவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. முந்தப்படும் பஸ்ஸும் அவன் சபையினதே. அந்தச் சம்பளமே அவனுக்கு ஒரு கவர்னராக இருந்தது. அதனைப் பம்பிலோ சில்லிலோ காண முடியாது. அவன் சம்பளச் சீட்டில் அது பொருத்தப்பட்டிருந்தது.

1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 1991இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுச் சட்டம் வந்தது. வழித்தட உரிமம், நேர அட்டவணை என்பன ஏட்டில் உள்ளன. நடைமுறையிலோ தனியார் பஸ்களிற் பலவற்றில் சாரதியின் கூலியும் நடத்துநரின் கூலியும் அன்றைய வசூலைப் பொறுத்தவை. உரிமையாளருக்குச் சேரவேண்டிய தொகை முதலில், டீசலின் விலை அடுத்து, எஞ்சியதே உழைத்தவர்க்கு. நேரத்தை ஐந்து நிமிடம் முந்தினால் அடுத்த நிறுத்தத்துப் பயணிகள் தன்னுடையவர். பிந்தினால் பின்னால் வருபவனுடையவர். இத்தகைய ஏற்பாட்டில் பம்பின் முத்திரையை உடைப்பவன் சாரதியா, அவனை அந்நிலையில் நிறுத்திய முறையா என்பதை வாசகரே ஆய்ந்து கொள்க.

கடிவாளம் அவிழும் விதம்

அவிழ்ப்பது எவ்வாறு என்று அறியாமல் அதன் விளைவை அறிய முடியாது. பழைய டீசல் வண்டியில் ஈயமுத்திரையை உடைத்து உச்ச வேகத் திருகாணியைத் தளர்த்துவர். இயந்திரம் தனக்கு வகுத்த சுழற்சியைக் கடந்து ஓடும். கூடவே எரிபொருள் அளவையும் ஏற்றிவிட்டால், எரியாத டீசல் கரும்புகையாய் வெளிவரும். தண்டும் வால்வும் விரைவில் தேயும். பின்னாளில் வந்த வேகக் கட்டுப்படுத்திகளில், சில்லின் சுழற்சியை அறிவிக்கும் கம்பியைத் துண்டித்தோ, பொய்க்குறி கொடுக்கும் சிறு பெட்டியொன்றை இடையிற் செருகியோ கருவியை ஏமாற்றுவர். இக்காலக் கார்களில் கட்டுப்பாடு என்பது இயந்திரத்தை ஆளும் கணினியில் எழுதப்பட்ட ஓர் எண் மட்டுமே. அவ்வெண்ணை அழித்து வேறெண் எழுதுவதே வேலை.

நம் நாட்டுக்கு வந்து சேரும் கார்களுள் ஜப்பானில் ஓடிப் பழகியவை மிகுதி. அந்நாட்டு உற்பத்தியாளர்கள் தம் உள்நாட்டுக் கார்களின் உச்ச வேகத்தை மணிக்கு 180 கிலோமீற்றராகவும், சிறுரகக் கார்களினதை 140 ஆகவும் தாமே உடன்பட்டு வரையறுத்து வந்தனர். இவ்வெல்லையையும் சிலர் அகற்றுகின்றனர். எதற்காக என்பது விளங்கவில்லை. நம் அதிவேக நெடுஞ்சாலையிலேயே எல்லை 100 கிலோமீற்றர், ஊர்ப்புறங்களில் 50. நூற்றெண்பதையும் தாண்டி ஓடும் உரிமையை எந்த வீதியில் அனுபவிப்பது? அந்த எல்லையோடு டயரும் பிரேக்கும் இணைந்து வகுக்கப்பட்டவை என்பதையும் அவர்கள் நினைப்பதில்லை. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எழுத்து அது தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்கிறது: ‘எஸ்’ என்றால் 180, ‘டி’ என்றால் 190, ‘எச்’ என்றால் 210. எண்ணை அழித்தவன் டயரின் எழுத்தை மாற்றிவிடவில்லை. காப்புறுதிக் கம்பெனிக்குத் தெரிவியாது செய்த இத்தகைய மாற்றம், விபத்து நேர்ந்தபின் நட்டஈட்டை மறுக்க அக்கம்பெனிக்குக் கிடைக்கும் முதற் காரணமுமாகலாம்.

வேகத்துக்கும் அழிவுக்கும் உள்ள உறவு கூட்டல் கணக்கன்று. அது வர்க்கக் கணக்கு. 40 கிலோமீற்றரில் செல்லும் வண்டி 60இல் சென்றால் அதன் வேகம் ஒன்றரை மடங்கு. மோதும் ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. நல்ல காய்ந்த வீதியில் மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீற்றரும், 60 மைலில் வரும் கார் நிற்க 73 மீற்றரும் தேவையென்று பிரித்தானிய வீதிக் கைந்நூல் கணக்கிடுகிறது. வேகம் இரு மடங்கு. தூரம் மும்மடங்குக்கு மேல். இரத்தினபுரி மாவட்டத்தில் மழை பெய்யாத மாதம் அரிது. ஈர வீதியிலும் தேய்ந்த டயரிலும் இக்கணக்கு இன்னும் கொடிதாகும்.

மலை வீதியில் மற்றோர் உண்மையும் உண்டு. கவர்னரையே எல்லாம் என நம்புவோர் இதனைக் கவனிக்க வேண்டும். கவர்னர் எரிபொருளை ஆளும், மலைச்சரிவை ஆளாது. இறக்கத்தில் வண்டியை இழுப்பது அதன் பாரமே. தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலை மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை விடுவித்து இறக்கும் சாரதி, யாரும் அறியாமல் மற்றொரு கடிவாளத்தையும் அவிழ்த்துவிடுகிறான். பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பிழக்கும்போது முத்திரை உடையாத கவர்னரும் கைகொடாது. மணிக்கு 80 என்று பூட்டிய கருவி, 20இல் திரும்பவேண்டிய வளைவில் வாய்மூடி நிற்கும். ஆதலின் கருவி தேவை. ஆனால் கருவி மட்டும் போதாது. மலையில் ஒரு பஸ் வழி தவறினால் என்ன நேரும் என்பதை 2025 மே மாதம் கொத்மலைக் கரண்டியெல்லையில் நாடு கண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் ஒரே பஸ்ஸில் மாண்டனர். வளைவுகள் பிழையை மன்னிப்பதில்லை.

பிற நாடுகள் கட்டிய கடிவாளம்

ஐரோப்பிய நாடுகள் 1992இல் ஒரு பணிப்பை வகுத்து, 1994 முதல் பாரமான லொறிகளுக்கு மணிக்கு 90 கிலோமீற்றர், பெரிய பஸ்களுக்கு 100 கிலோமீற்றர் எனக் கருவியால் எல்லையிட்டன. 2002இல் சிறு லொறிகளும் இவ்விதியுள் வந்தன. ஜப்பான் 2003இல் பெரிய லொறிகளை 90 கிலோமீற்றரில் அடக்கியது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் புதிய கார் ஒவ்வொன்றிலும் வீதியின் எல்லையை அறிந்து சாரதியை எச்சரிக்கும் கருவி இருக்கவேண்டும். ஆனால் அதனைச் சாரதி மீறிச் செல்லலாம். லொறிச் சாரதிக்குக் கருவி கட்டளையிடுகிறது. கார் உடையவருக்கு அது வேண்டுகோள் விடுக்கிறது. சின்சினாட்டியின் நிழல் நூறாண்டு கழிந்தும் நீங்கவில்லை.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் அறிவித்தல், அவ்வாண்டு அக்டோபருக்குப் பின் உற்பத்தியான பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு 80 கிலோமீற்றர் எல்லையையும், பாடசாலை பஸ்கள், எண்ணெய்த் தாங்கிகள் முதலியவற்றுக்கு 60 கிலோமீற்றர் எல்லையையும் விதித்தது. தகுதிச் சான்று பெறும் நாளில் கருவியைப் பூட்டி, மறுநாள் கழற்றிவிடுகிறார்கள் என்னும் முறைப்பாடு அந்நாட்டில் ஓயாது எழுந்து வந்திருக்கிறது. கென்யாவில் 2004 பெப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர் ஜோன் மிச்சுக்கி, ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் சிற்றுந்துகளுக்கு 80 கிலோமீற்றர் கவர்னரையும் இருக்கைப் பட்டியையும் கட்டாயமாக்கினார். தொடக்கத்தில் வீதிகள் அடங்கின. பிடி தளர்ந்ததும் கருவிகள் மீண்டும் ஊமையாயின. அங்கும் சாரதி உரிமையாளருக்கு நாள்தோறும் ஒரு தொகை கட்டவேண்டியவன். அத்தொகைக்கு மேல் கிடைப்பதே அவன் கூலி. கண்டங்கள் வேறானாலும் கணக்கு ஒன்றே. சட்டம் ஒரு கையால் கடிவாளத்தைக் கட்ட, கூலிமுறை மறு கையால் சாட்டையை வீசுமாயின், குதிரை சாட்டைக்கே பணியும்.

மலையின் வேகம்

இச்சாட்டையை மலையகத்தாருக்கு விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இல்லை. ‘பேர்’ என்னும் சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். வகுத்த அளவு கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறினால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை ஆண்டுக்கணக்காக முழங்கி, 2021இல் வர்த்தமானியில் ஏறியது. அதைத் தொடர்ந்து பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோ அளவு உயர்த்தப்பட்டதென்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கூலிக்கு எல்லை வகுத்த சட்டம், கையின் வேகத்துக்கு எல்லை வகுக்கவில்லை. பெண் தொழிலாளியின் விரலில் பொருத்தப்பட்ட கவர்னர் எது? களைப்பு ஒன்றே. அதனையும் அளவுக்கோல் அவிழ்த்துவிடுகிறது.

அந்தக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் லொறியும் இதே சங்கிலியின் கண்ணியே. சாக்கில் அமுக்கப்பட்ட பச்சைக் கொழுந்து சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்தால் தரம் குன்றும். ஆதலின் மடுவத்திலிருந்து தொழிற்சாலை வரை நேரமே பணம். மாலை நிறுவை பிந்தினால் அப்பிந்தலை வீதியில் ஈடுசெய்ய வேண்டியவன் லொறிச் சாரதி. தொழிலாளரை மலைக்கு மலை ஏற்றிச்செல்லும் லொறிக்கும் டிராக்டர்ப் பெட்டிக்கும் இருக்கையில்லை, பட்டியில்லை. வேகக் கருவி எங்கே இருக்கப்போகிறது? தேயிலையின் தரத்தைக் காக்க விரையும் வண்டியில், தேயிலை பறித்த மனிதர் பொதிகளோடு பொதியாக நிற்கின்றனர்.

இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் காரில் அமர்ந்தவரல்லர். நடந்தவரும், மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவரும், முச்சக்கர வண்டியில் நெருக்கியிருந்தவருமே. வேகத்தின் இன்பம் ஒருவருக்கு; வேகத்தின் ஆதாயம் வேறொருவருக்கு; வேகத்தின் தண்டனையோ மூன்றாமவருக்கு. இப்பங்கீட்டையே நாம் அநீதி என்கிறோம்.

செய்யத்தக்கது யாது?

வேகம் தீதென்று நாம் கூறவில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தெரணியகலை மலையிலிருந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வண்டி விரையத்தான் வேண்டும். தோட்டத்துக்கு ஒழுங்கான வீதியும் அருகில் மருத்துவமும் இருந்தால் அந்த வண்டி அவ்வளவு விரைய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே கூறுகிறோம். பல இடங்களில் வேகம் என்பது, செய்யாமல் விட்ட காரியங்களுக்கு நாம் கட்டும் வட்டியாகும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பயணிகள் பஸ்ஸிலும் பார லொறியிலும் வேகக் கருவி முத்திரையோடு இருக்கவேண்டும். சான்று வழங்கும் நாளில் மட்டுமன்றி, வீதியில் எதிர்பாராத நாளிலும் அதனைச் சோதிக்கவேண்டும். முத்திரை உடைந்திருந்தால் சாரதியோடு உரிமையாளரும் பதில் சொல்லவேண்டும். திருகாணியைத் திருப்பிய கையைவிட, திருப்பச் சொன்ன கணக்குப் புத்தகமே பெரிய குற்றவாளி. சாரதிக்கும் நடத்துநருக்கும் வசூலைச் சாராத நிலையான சம்பளம் வேண்டும். தோட்டத் தொழிலாளரைச் சரக்கு வண்டியில் ஏற்றும் வழக்கம் ஒழியவேண்டும். பாடசாலை அமைந்த வீதிகளில் நடைபாதை வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்பவேண்டும். ஏனெனில் வேகமும் சம்பளமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாய் இருப்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நம் வகுப்புகளில் மாணவர் ஜேம்ஸ் வாட்டின் சுழலும் குண்டுகளைப் படமாக வரைகின்றனர். அக்குண்டுகள் எதைக் காக்கப் பிறந்தன என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். இயந்திரத்தைக் காக்கக் கவர்னரைக் கண்டுபிடித்த மனிதன் அறிவாளி. மனிதனைக் காக்க அதனைப் பயன்படுத்தும் சமுதாயமே நாகரிகமுடையது. அத்தகைய சமுதாயத்தைப் பட்டறைகளில் செய்துவிட முடியாது; நாமே திரண்டு கேட்டுப் பெறவேண்டும். சின்சினாட்டியின் நாற்பத்தீராயிரம் பேர் 1923இல் தோற்றனர் என்பது மெய். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம் என்பதும் மெய். தோற்றுப்போன நியாயங்களை மீண்டும் எழுப்புவது வரலாறு கற்போரின் கடமை.